முப்பத்தோராம் கிணறு

பெப்ரவரி 2, திங்கள்

காலையில் கடும் பனி. ஏ-ஒன்பது வீதியில் முன்னால் போன பஸ்ஸே தெரியவில்லை. ஸ்கூட்டியை உருட்டாத குறையாக ஓட்டி எட்டு இருபதுக்கு அலுவலகம்.

இன்று செய்ய:
– தண்ணீர்த் திட்டத்தின் அரையாண்டு அறிக்கை (வெள்ளிக்குள்)
– றிஸ்னாவின் ஜனவரி நேரப் பதிவுத் தாள். இரண்டு நாள் விடுபட்டிருக்கிறது
– பிரிண்டர் ரோனருக்கு மூன்று விலைமனு வேண்டும், இரண்டுதான் வந்தது
– நெளுக்குளத்தில் நிற்கிற கணவருக்குப் போன். காஸ் முடியப்போகிறது

ஒன்றும் முடியவில்லை. பத்து மணிக்கு லெச்சுமியக்கா வந்துவிட்டார். மூன்றாவது தடவை. தர்மபுரத்தில் பஸ் ஏறி, பரந்தனில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, பிறகு வெயிலில் நடை. தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். இவர் பிறந்ததே தர்மபுரத்தில்தான், ஆனால் வாயில் இன்னும் தோட்டத்துப் பேச்சு.

போன ஆடியில் எங்கள் பல்கலைக்கழகப் பீடத்து ஆட்கள் அந்தப் பக்கம் அறுபது வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் எடுத்தார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்த ஆராய்ச்சி. அதில் லெச்சுமியக்காவின் கிணறும் ஒன்று.

"மிஸ், நம்ம கிணத்து ரிசல்ட் வந்திருச்சுங்களா?"

"இன்னும் இல்லை அக்கா. வந்த உடனை அறிவிப்பம்."

"பெரிய கணக்கெல்லாம் வேணாம் மிஸ். குடிக்கலாமா, கூடாதா. அத மட்டும் சொன்னா போதும்."

புருசன் ஆறுமுகத்துக்குச் சிறுநீரகம் பழுது, மாதம் ஒருக்கா கிளினிக். அவருக்கு மட்டும் சைக்கிளில் போய் பில்டர் தண்ணீர் கொண்டுவருகிறார். மற்றவர்கள் கிணற்றுத் தண்ணீர். மகள் கார்மென்ற்ஸ் ஆலையில் வேலை. மகளின் இரண்டு பிள்ளைகளும் இவரோடுதான்.

போகும்போது மேசையில் ஒரு கட்டுப் பயற்றங்காய் வைத்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அன்பளிப்புப் பதிவேட்டில் எழுதினேன். "பயற்றங்காய், ஒரு கட்டு."

இன்னும் வரவில்லை என்றது பொய். வந்து நாலு மாதம்.


பெப்ரவரி 3, செவ்வாய்

பனி குறைவு. கடைவாய்ப் பல் குத்துகிறது.

எழுதிவிட்டால் கொஞ்சம் தெளியும் என்று நினைக்கிறேன்.

முடிவுகள் திட்டத்தின் பொதுக் கோப்பில் இருக்கின்றன. பெயர் இல்லை, இலக்கம் மட்டும். எந்த இலக்கம் எந்த வீடு என்பது வேறு கோப்பில், பூட்டி. நானும் சிவநேசன் சேரும் மட்டும் திறக்கலாம். அவர்தான் திட்டத் தலைவர், நிர்வாகம் நான். அந்தக் கோப்பைத் தேவையில்லாமல் திறக்கக்கூடாது. மார்கழியில், லெச்சுமியக்கா இரண்டாம் தடவை வந்து போன அன்று, திறந்தேன். அவருடைய பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடினேன். முப்பத்தொன்று.

முப்பத்தொன்று சிவப்பு. நைத்திரேற்று, புளோரைட்டு இரண்டும் வரம்புக்கு மேல். கொதிக்க வைத்தாலும் போகாத சாமான், கைக்குழந்தைக்கு இன்னும் மோசம்.

சொல்ல முடியாது. தரவு ஒப்பந்தம், பதினோராம் பிரிவு: கூட்டுக் கட்டுரை வெளிவரும்வரை, நிதி தருபவர்களின் எழுத்து அனுமதி இல்லாமல், எந்த முடிவையும் வெளியில் எவருக்கும் சொல்லக்கூடாது. மீறினால் திட்டம் நிறுத்தப்படும். அந்த ஒப்பந்தத்தைப் படித்து "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்து வைத்தவள் நான்.

அந்த வீடுகளுக்குக் கொடுத்த தமிழ்ச் சம்மதப் படிவத்தில் "முடிவுகள் உங்களுக்கு அறிவிக்கப்படும்" என்று இருக்கிறது. அதை மொழிபெயர்த்தவளும் நான். இரண்டு தாளும் ஒரே கிழமையில் என் மேசையால் போனவை. ஒன்றோடு ஒன்று இடிக்கிறது என்று அப்போது படவில்லை. ஏன் படவில்லை? அந்தக் கிழமை மகளுக்கு டெங்கு. அதுதான் காரணம் என்று சொல்ல விருப்பம். காரணமா என்று தெரியாது.

மத்தியானம் சிவநேசன் சேரிடம் போனேன்.

"எனக்கு விளங்காமலே வாசுகி? நானும் பிள்ளையள் பெத்தவன்தானே. ஆனா இப்ப வாயைத் திறந்தா ரெண்டாம் கட்டம் போச்சு. அஞ்சு கள உதவியாளப் பிள்ளையளின்ரை வேலை போச்சு. நீர் காசு தாற ஆக்களுக்கு முறைப்படி எழுதும். நான் கையெழுத்து வைக்கிறன்."

முறைப்படி எழுதினேன். நாலு வரி. அனுப்பியது 3.40.

நாளை சுதந்திர தின விடுமுறை.


பெப்ரவரி 5, வியாழன்

வெயில் ஏறிவிட்டது. கச்சேரி அலுவலகப் பக்கம் எல்லாம் நெல் காயப்போட்டிருக்கிறார்கள், ஸ்கூட்டி போக ஒரு முழம் வழி.

பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். எங்கள் அக்கறையைப் பாராட்டுகிறார்கள். விதிவிலக்குக் கோரும் படிவம் ஒன்பது பக்கம் இணைத்திருக்கிறார்கள். எங்கள் துணைவேந்தரின் கையெழுத்து, எங்கள் ஒழுக்கநெறிக் குழுவின் கடிதம், "பங்கேற்பாளர்களுக்கு மனக்கலக்கம் ஏற்படாதிருக்க எடுக்கப்படும் நடவடிக்கைகள்". இதைப் பார்க்கும் அவர்களுடைய குழு மாதத்துக்கு ஒருமுறை கூடும்.

படிவத்தின் ஏழாவது கேள்வி: "அவசரத்தன்மை – குறைவு, நடுத்தரம், அதிகம்." அதிகம் என்று போட்டேன். அதற்குக் கீழே "ஆதாரம் இணைக்கவும்". என்ன ஆதாரம் இணைப்பது? ஒரு மனுசி மூன்று தடவை பஸ் ஏறி வந்தது என்றா?

வேறு வழியும் பார்த்தேன். சுகாதாரப் பரிசோதகர் ஒருவரைத் தெரியும், கனகராயன்குளத்தில் என்னோடு படித்தவர். அவருக்குப் போன். எங்கள் முடிவைச் சொல்லாமல், தர்மபுரத்துக் கிணறுகளை நீங்கள் ஒருக்கா சோதிக்கலாமா என்று மட்டும் கேட்டேன்.

"இப்ப கிணறெல்லாம் நிறைஞ்சு நிக்குது வாசுகி. மழைத்தண்ணி கலந்து குறைவாத்தான் காட்டும். சித்திரையிலை வத்தட்டும், எடுப்பம். ஏன், ஏதும் பிரச்சினையே?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

அவர் சொன்னதும் நியாயம்தான். எல்லாரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள்.


பெப்ரவரி 9, திங்கள்

துணைவேந்தரின் கையெழுத்தும் ஒழுக்கநெறிக் கடிதமும் கிடைத்தன. படிவம் போய்விட்டது. இனி நிதி தருபவர்களின் குழுவின் கையில்.

பல்லுக்குக் கராம்புத் தைலம். பயனில்லை.

பின்னேரம் றிஸ்னா வந்து கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தாள். எங்கள் கள உதவியாளர். முல்லைத்தீவுப் பிள்ளை. வீட்டார் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பிறந்து, குடும்பத்தோடு திரும்பி வந்து, இங்கேயே பட்டம் எடுத்தவள். அறுபது கிணற்றிலும் வாளி விட்டுத் தண்ணீர் அள்ளியது அவள்தான். முடிவுகளை அவளுக்குக் காட்டவில்லை. ஆனால் மக்குப் பிள்ளையா?

"அக்கா, லெச்சுமியம்மாட கிணறு சரியில்லைதானே?"

நேரப் பதிவுத் தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

"நீங்க ஒண்டும் சொல்லாதீங்க. நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன். உங்கட பேர் வராது."

"உன்ரை பேர் வரும். நீ ரகசியம் காக்கிறன் எண்டு கையெழுத்து வச்சனி. நான்தான் வாங்கினனான்."

"வந்தா வரட்டும்."

"உன்ரை ஒப்பந்தம் மாசக் கடைசியிலை புதுப்பிக்க வேணும் றிஸ்னா. வாப்பா கடலுக்குப் போறேல்லை எண்டு நீதானே சொன்னனி."

அழுதாள். சத்தமில்லாமல். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, விடுபட்ட இரண்டு நாளையும் நேரப் பதிவுத் தாளில் நிரப்பித் தந்துவிட்டுப் போனாள்.

இப்படிப் பயமுறுத்துவதும் என் வேலைக்குள் வருகிறது.


பெப்ரவரி 12, வியாழன்

கண்காணிப்பு வருகை. நிதி தருபவர்களின் கொழும்பு அலுவலகத்திலிருந்து நிலூக்கா என்று ஒரு பெண். நல்ல பிள்ளை, முப்பது வயதுக்குள். காலையில் கோப்புகள். சம்மதப் படிவம் அறுபதும் அடுக்கி வைத்திருந்தேன், ஒன்றும் குறையவில்லை. பிறகு "இரண்டு வீடு பார்க்கலாமா" என்றார். பட்டியலில் கண்ணை மூடி விரல் வைப்பது போல வைத்தார். இரண்டாவது வீடு லெச்சுமியக்கா.

பல்கலைக்கழக வான் வண்டியில் போனோம். சிவநேசன் சேர், நிலூக்கா, நான், சாரதி. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. ஆறுமுகம் அண்ணன் சாய்ந்திருந்தவர் எழும்பப் பார்த்தார், வேண்டாம் என்றோம். கால் இரண்டும் வீங்கியிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து கதிரை இரவல் வாங்கிப் போட்டார்கள்.

நிலூக்கா ஆங்கிலத்தில் கேட்க நான் தமிழில் கேட்டேன். உங்களிடம் சம்மதம் வாங்கினார்களா? படிவத்தை வாசித்துக் காட்டினார்களா? விருப்பமில்லை என்றால் விலகலாம் என்று சொன்னார்களா? எல்லாவற்றுக்கும் ஓமுங்க, ஓமுங்க. எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டார்.

குசினிக்குள் போன லெச்சுமியக்கா தட்டோடு வந்தார். வெறுந்தேத்தண்ணி, பால் இல்லாமல் இஞ்சி போட்டது. மூன்று கண்ணாடிக் கோப்பை.

சிவநேசன் சேர்: "எனக்கு சீனி வருத்தம் அம்மா, வேண்டாம்." நேற்றுக்கூட என் அறையில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்தவர்.

நிலூக்கா தன் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

தட்டோடு நின்றார் மனுசி. மூன்று கோப்பையும் அப்படியே. அவருடைய முகம் மாறிக்கொண்டு வந்தது. அது எந்த நினைப்பால் மாறுகிறது என்று எனக்குத் தெரியும். தோட்டத்து ஆட்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் எங்கள் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள். வயிறு சரியில்லை, இப்பதான் குடிச்சனாங்கள் என்பார்கள். என் மாமியும் அப்படித்தான்.

எடுத்தேன். குடித்தேன். கடைசிவரை.

நான் குடித்து முடிக்கும்வரை லெச்சுமியக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்கு அக்கா."

ஒரு கோப்பையால் எனக்கு ஒன்றும் வராது. அது தெரியும். ஒருவரும் தொடாமல் எழும்பி வந்திருந்தால் அந்த மனுசிக்கு எப்படி இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது எல்லாருக்கும் தாகம். பரந்தனில் நிறுத்தி இளநீர் குடித்தார்கள்.


பெப்ரவரி 13, வெள்ளி

வருகை அறிக்கை மின்னஞ்சலில். "பங்கேற்பாளர்களுடனான உறவு மிகச் சிறப்பு." பீடாதிபதி எல்லாருக்கும் பகிர்ந்து வாழ்த்தியிருக்கிறார்.

ரோனருக்கு மூன்றாவது விலைமனு கிடைத்தது.

பல் பிடுங்கியாயிற்று. நாளைவரை சூடாக ஒன்றும் குடிக்கக்கூடாதாம்.


பெப்ரவரி 20, வெள்ளி

வெயில் என்றால் வெயில். கரண்டும் இல்லை, பதினொன்று தொடக்கம் இரண்டுவரை.

காலையில் நிதி தருபவர்களின் குழுவிடமிருந்து பதில்: எங்கள் படிவம் இந்த அமர்வில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. எங்கள் ஒழுக்கநெறிக் குழுவின் கடிதத்தில் பழைய கடிதத்தலைப்பு. புதியதில் அனுப்பினால் அடுத்த அமர்வில் பார்ப்பார்கள். கடிதத்தலைப்பு!

அதை ஆறவிடாமல் றிஸ்னா. நோன்பு தொடங்கிவிட்டது, வெயிலுக்குள் தர்மபுரம் போய் வந்து உதடு காய்ந்திருந்தது. இரண்டாம் கட்டத்துக்கு ஆட்களைக் கண்டு கதைக்கப் போனவள். கதிரையில் இருக்கவில்லை.

"அக்கா, நீங்க அங்க தேத்தண்ணி குடிச்சீங்களா?"

"ஓம். ஏன்?"

"லெச்சுமியம்மா பில்டர் தண்ணி எடுக்கப் போறத விட்டுட்டாங்க. ஆறுமுகத்தாருக்கும் இப்ப கிணத்துத் தண்ணிதான். கேட்டா, 'அந்த மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சவங்க குடிச்சாங்க, அப்ப தண்ணி நல்லதுதானே' எண்டு சொல்றாங்க. பக்கத்து வீட்டு ஆக்களுக்கும் சொல்லியிருக்காங்க."

மேசை நாட்காட்டியைப் பார்த்தேன்.

எட்டு நாள். ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை? அந்த மனிசனுடைய கால்.

"வாயால சொல்லக் கூடாது எண்டீங்க," என்றாள் றிஸ்னா. "நீங்க வாயாலதான் சொல்லியிருக்கீங்க அக்கா."


பெப்ரவரி 21, சனி

ஸ்கூட்டியில் தனியாகத் தர்மபுரம். இவருக்கும் சொல்லவில்லை. சந்தைக்குப் போகிறேன் என்று மகளிடம் சொன்னேன்.

லெச்சுமியக்கா கச்சான் கடலைப் பாத்தியில் நின்றார். என்னைக் கண்டதும் ஓடி வந்து தண்ணீர் கொண்டுவரக் குசினிக்குத் திரும்பினார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேண்டாம் அக்கா. அந்தத் தண்ணி கூடாது. ஒருத்தரும் குடிக்கக் கூடாது. கொதிக்க வச்சாலும் கூடாது. அண்ணனுக்கு ஒரு சொட்டும் குடுக்காதேங்கோ. பிள்ளையளுக்கும்."

அவர் என் கையை விடவில்லை. கண் மட்டும் கிணற்றுப் பக்கம் போய் வந்தது.

"எப்பயிலிருந்து மிஸ் தெரியும்?"

"கனநாள். எனக்குத் தெரியும்."

"நான் கடைசியா வந்து கேட்டப்பவுமா?"

"ஓம்."

பிறகுதான் கையை விட்டார். கோபப்படுவார், ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அப்புறம் ஏன் மிஸ் அன்னைக்குக் குடிச்சீங்க?"

அவரே சொன்னார்.

"நாங்க வேற மாதிரி நெனச்சிருவோம்னா?"

தலையாட்டினேன்.

"தண்ணி கெட்டது, அதனால குடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன் மிஸ்."

உள்ளேயிருந்து ஆறுமுகம் அண்ணன் "யாரு, மிஸ்ஸா? தேத்தண்ணி குடு" என்று குரல் கொடுத்தார். லெச்சுமியக்கா உள்ளே போய், அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து வந்து, வாழையடியில் ஊற்றினார். என்னைப் பார்க்கவில்லை. இரண்டு வெற்றுத் தண்ணீர்க் கானைச் சைக்கிளில் கட்டினார். பில்டர் தண்ணீர் எடுக்கும் இடத்துக்குச் சைக்கிளில் முக்கால் மணித்தியாலம் உழக்க வேண்டும். ஸ்கூட்டியில் நான் கொண்டுவாறன் என்றேன்.

"வேணாம் மிஸ். நீங்க போங்க."

சந்தைக்கும் போய்த்தான் வந்தேன். கத்தரிக்காய், வெங்காயம், அகத்தி.


பெப்ரவரி 23, திங்கள்

லெச்சுமியக்கா மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருக்கப்போவதில்லை. சொல்லத்தான் வேண்டும், அவர்தானே தண்ணீர் நல்லது என்றும் சொன்னவர். அப்படி வெளியே வந்தால் முதலில் யாரைப் பிடிப்பார்கள்? அந்த வீடுகளுக்கு ஏறி இறங்குகிற றிஸ்னாவை.

ஆகவே நானே எழுதினேன். அதற்கும் படிவம் இருக்கிறது: "உடன்படிக்கை மீறல் பற்றிய சுய அறிவிப்பு." போன வருடம் இதை எப்படி நிரப்புவது என்று பீடத்து ஆட்களுக்கு வகுப்பு எடுத்தவள் நான். மீறியவர்: நான். வெளியிட்ட தகவல்: ஒரு கிணற்றின் முடிவு. வேறு எவருக்கும் இதில் தொடர்பு உண்டா: இல்லை. சரியாக நிரப்ப இருபது நிமிடம். அனுப்பியது 10.15.

10.50க்குப் பொதுக் கோப்பும் பெயர்க் கோப்பும் எனக்குத் திறக்கவில்லை. பதினொன்றரைக்கு சிவநேசன் சேருக்கும் இல்லை. விசாரணை முடியும்வரை எல்லாருக்கும் பூட்டு. நடைமுறை அதுதான், வகுப்பில் நானே சொன்னேன். இன்று காலை அது ஞாபகம் வரவில்லை.

சேர் அறைக்கு வந்தார். நின்றபடியே கதைத்தார்.

"சொன்னது பிழை எண்டு நான் சொல்லேல்லை வாசுகி. ஆனா பட்டியலைப் பாத்துப்போட்டெல்லோ அறிவிச்சிருக்க வேணும். ஒரு கிணத்துக்குச் சொல்லிப்போட்டு மற்றதுகளையும் சேத்துப் பூட்டிப்போட்டீர்."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கே சேர்? எந்த வீடு எது எண்டு?"

"சிவப்பு இலக்கங்கள் ஞாபகம் இருக்கு. வீடு எங்கை ஞாபகம்?"

றிஸ்னாவின் ஒப்பந்தம் புதுப்பிப்பு: "விசாரணை முடியும்வரை இடைநிறுத்தம்." ஐந்து பேருக்கும். அவளுக்கு நான்தான் சொன்னேன். "பரவாயில்லை அக்கா" என்றாள். அழவில்லை இம்முறை. நோன்பு திறக்க வீட்டுக்குப் போக வேண்டும் என்று பையை எடுத்தாள். மூன்று மணிதான் ஆகியிருந்தது.


பெப்ரவரி 25, புதன்

காற்று இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றுகிறது.

செய்ய ஒன்றுமில்லை. திட்டக் கோப்பு ஒன்றும் தொடக்கூடாது என்று பதிவாளரின் கடிதம். அலுமாரியைப் பூட்டி அதன் திறப்பையும் கொடுத்துவிட்டேன். மற்ற வேலைகளைச் செய்யலாமாம். எது மற்ற வேலை என்று கேட்டால், அறிவிப்பார்களாம்.

ஒன்பது மணி தொடக்கம் போன். லெச்சுமியக்காதான் என் போன் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். என்னோடு கோபமா, இல்லையா, தெரியவில்லை. அவர் பேசவில்லை.

முதலாவது, சரோஜினி, லெச்சுமியக்காவின் பக்கத்து வீடு. இரண்டாவது, சங்கக்கடைக்குப் பின்னால் இருக்கிற ஒரு பெரியவர், பெயர் சொல்ல முதல் கட் ஆகிவிட்டது. மூன்றாவது, கோயிலடி. நாலாவது, மறுபடி சரோஜினி. எல்லாருக்கும் ஒரே கேள்வி.

மத்தியானம் ஒரு பெண். சின்னக் குரல், பெயர் துஷ்யந்தி.

"மிஸ், எங்கட வளவுக் கிணத்திலையும் தண்ணி எடுத்தவை. லெச்சுமியக்காவுக்கு நீங்கள் நேரை வந்து சொன்னனீங்களாம். எங்கட கிணறு என்ன மாதிரி?"

"தெரியும்வரைக்கும் பில்டர் தண்ணியைப் பாவியுங்கோ பிள்ளை."

"அதைத்தானே மிஸ் எல்லாரும் எல்லாருக்கும் சொல்லினம். இவர் கொழும்பிலை வேலை. நான் தனிய. பச்சைப்பிள்ளை, நாலு மாசம், கிணத்துத் தண்ணியிலைதான் பால்மா கரைக்கிறன். ஒவ்வொரு நாளும் அவ்வளவு தூரம் ஆர் போறது? எங்கட கிணறு நல்லதெண்டா நல்லதெண்டு சொல்லுங்கோ. கூடாதெண்டா எப்பிடியும் போறன்."

"எனக்குத் தெரியாது துஷ்யந்தி."

"லெச்சுமியக்காவுக்குத் தெரிஞ்சிருக்கே."

"அவாவின்ரை மட்டும்தான் பாத்தனான். மற்றது தெரியாது. உண்மையாத் தெரியாது."

இந்த மாதம் முழுக்க அந்த ஆட்களுக்கு நான் சொன்னதில் பொய்யில்லாதவை இரண்டே இரண்டு. முதலாவது சனிக்கிழமை சொன்னது, இது இரண்டாவது.

அவள் நம்பவில்லை. போனை வைக்கவும் இல்லை. பிள்ளை அழத் தொடங்கியது, எங்கோ கொஞ்சம் தள்ளி. அவள் பிள்ளையிடம் போகவில்லை. நான் என்னவோ சொல்லப்போகிறேன் என்று போனைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றாள்.